‘ஒரிஜினல் ஓக்’ என்றால் அறுத்த முனையைக் காட்டச் சொல்லுங்கள்

சென்னை மடிப்பாக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “புது வீட்டில் கீழே ஹாலுக்கும் மாடியில் படுக்கையறைக்கும் ஓக் மரத்தரை போட ஆசை. ஒரு கடையில் கூலியோடு சேர்த்துச் சதுர அடி 130 ரூபாய், ‘ஒரிஜினல் ஓக்’ என்கிறார்கள். இன்னொரு இடத்தில் 600 ரூபாய். எதை நம்புவது?”

அந்த 130 ரூபாய்க்கு ஓக் வராது அம்மா. வருவது லேமினேட். மரநாரை அழுத்திச் செய்த பலகை, அதன் மேல் ஓக் மரத்தைப் படம் எடுத்து அச்சடித்த தாள், அதற்கும் மேல் ஒரு கெட்டிப் பூச்சு. அதுவும் உழைக்கும் பொருள்தான். உள்ளதைச் சொல்லி விற்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை. பெட்டியில் ‘ஓக் ஃபினிஷ்’ என்று போட்டிருப்பதைக் கடையில் ‘ஓக்’ என்று சுருக்கி விற்கிறார்களே, அதுதான் ஏமாற்று.

கடையில் பலகையின் முகத்தைப் பார்த்து மயங்காதீர்கள். அறுத்த முனையைத் திருப்பிப் பாருங்கள். லேமினேட் என்றால் பிஸ்கட்டை உடைத்த மாதிரி ஒரே பழுப்பாக, ரேகையே இல்லாமல் இருக்கும். நிஜ ஓக் என்றால் மேலே தெரியும் ரேகை முனையிலும் இறங்கி வரும், ஊசி குத்தியது போல் நுண்துளைகள் தெரியும். பத்துப் பலகையைப் பரப்பச் சொல்லுங்கள். ஒரே கணு அதே இடத்தில் இரண்டு பலகைகளில் இருந்தால் அது அச்சு.

அப்புறம், சாம்பிள் துண்டை வீட்டுக்கு வாங்கி வாருங்கள். ஒரு மூலையில் பூச்சு போகும்வரை உப்புத்தாள் தேய்த்து, நனைத்த இரும்பு ஆணியை இரவு முழுக்க வைத்தால் ஓக்கில் கருநீலக் கறை ஏறும். கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்ந்தால் மை கறுக்கிறதே, அதே துவர்ப்புச் சத்துதான் ஓக்கிலும் இருக்கிறது. அதனால்தான் இரும்புக் கால் உள்ள பூந்தொட்டியை ஓக் தரையில் ஈரத்தோடு வைக்கக் கூடாது என்பேன்.

சரி, 600 ரூபாய் சரக்கு? அது எஞ்சினியர்டு ஓக்காக இருக்கும். அடியில் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய பிளைவுட், மேலே நிஜ ஓக் தகடு. உங்களுக்கு அதுதான் சரி. முழு ஓக் பலகை வேண்டவே வேண்டாம். குளிர்நாட்டுக்குக் காயவைத்து வரும் மரம் நம் ஐப்பசி மழையில் ஈரம் குடித்து அகலவாக்கில் பெருக்கும். பிளைவுட் அடுக்குகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்வதால் எஞ்சினியர்டு அவ்வளவு அசையாது.

மேல் தகடு 3 மில்லிமீட்டராவது இருக்கட்டும். ஒரு மில்லிக்கும் குறைவாக ஒட்டியதையும் அதே பெயரில்தான் விற்கிறார்கள். அதை ஒருமுறைகூட இழைத்துப் புதுப்பிக்க முடியாது. இறக்குமதியாளர் பெயர், எந்த நாட்டுச் சரக்கு, என்ன விலை எல்லாம் பெட்டியில் இருக்கும். தகட்டின் கனத்தைத் தேடினால் பல பெட்டிகளில் கிடைப்பதில்லை. தரைக்குப் பணம் கொடுப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய எண்ணைப் பெட்டிமேல் அச்சிட வைக்க இத்தனை வருடமாக முடியவில்லை என்பது எனக்குப் பெரிய ஆதங்கம். ஆகவே பில்லில் ‘உட்டன் ஃப்ளோரிங்’ என்று மொட்டையாக எழுத விடாதீர்கள். ‘எஞ்சினியர்டு ஓக், மொத்தக் கனம் 14, மேல் தகடு 3 மில்லிமீட்டர்’ என்று எழுதி வாங்குங்கள். இன்டீரியர்காரர் கூட்டிப்போகும் கடையில் மட்டும் விலை கேட்டுவிட்டு முடிவு செய்யாதீர்கள். அவருக்கான கமிஷன் பல இடங்களில் உங்கள் சதுர அடி விலைக்குள்தான் இருக்கிறது.

கீழ் ஹாலுக்கு டைல்ஸே போடுங்கள். மண்ணிலிருந்து ஏறும் ஈரம், கரையான், தினமும் தண்ணீர் விட்டுத் துடைப்பது, மூன்றும் மரத்துக்கு ஆகாது. மாடி அறையில் தாராளமாகப் போடலாம். ஆனால் மாடியிலும் ஒரு விஷயம் பார்க்க வேண்டும். அறையை ஒட்டிக் குளியலறை இருக்கிறதா? பொதுச் சுவரில் ஸ்கர்ட்டிங் (சுவரடியில் ஓடும் பட்டை) உயரத்துக்குப் பெயின்ட் உப்பியிருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். உப்பியிருந்தால் கசிவை அடைத்து, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகே தரை வேலை. குளியலறைத் தளம் அறையைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். மரத்தைக் குளியலறைக் கதவு வரை ஓட்டாமல், வாசலில் ஒரு கிரானைட் பட்டை போட்டு அதற்கு முன்பே நிறுத்துங்கள். ஈரக் காலோடு வெளியே வருபவர் அந்தப் பட்டையில் மிதிக்கட்டும்.

சுவரோரம் நாலு பக்கமும் 10 மில்லிமீட்டர் இடைவெளி விடச் சொல்லுங்கள். ஸ்கர்ட்டிங் அதை மறைத்துவிடும். இடைவெளியே விடாமல் போட்ட ஒரு வீட்டுக்கு மழைக்காலத்தில் போனேன். அறை நடுவில் தரை முதுகு தூக்கி நின்றது. கதவு பாதிக்கு மேல் திறக்கவில்லை. போட்டவர் போனை எடுக்கவில்லை.

பலகையும் அடியில் விரிக்கும் ஃபோமும் சேர்ந்து தரை கிட்டத்தட்ட 17 மில்லிமீட்டர் உயரும். கதவின் அடியை இழைக்க ஆசாரிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். மிச்சமாகும் பலகைகளில் நாலைந்தை எடுத்து வையுங்கள். பின்னால் ஒன்று கெட்டால் அதே நிறத்தில் கடையில் கிடைப்பது கஷ்டம்.