ரூட் கெனால் கட்டாயமா? பல் டாக்டரிடம் கேட்டவை

கேள்வி: கடைவாய்ப் பல்லில் ஆழமான சொத்தை. ராத்திரியில் வலி. ஒரு டாக்டர் ரூட் கெனால் என்கிறார், இன்னொருவர் நரம்பின் மேல்பகுதியை எடுத்தால் போதும் என்கிறார். யாரை நம்புவது?

பதில்: இருவரும் தப்பாகச் சொல்லவில்லை. முதலாமவர் சொல்வது வேருக்குள் இருக்கும் நரம்பையும் முழுதாக எடுத்து அடைப்பது. இரண்டாமவர் சொல்வது பல்போடமி, அதாவது மேல்பகுதி நரம்பை மட்டும் எடுப்பது. முன்பெல்லாம் பால் பற்களுக்குத்தான் அதிகம் செய்தோம். இப்போது பெரியவர்களின் நிலைப்பற்களுக்கும் செய்கிறோம். 2021-ல் அமெரிக்க எண்டோடான்டிஸ்டுகள் (ரூட் கெனால் நிபுணர்கள்) சங்கமும் இதற்கு ஆதரவாக அறிக்கை வெளியிட்டது.

பல்லைத் திறந்து, மேல் அறையில் இருக்கும் நரம்புத் திசுவை மட்டும் வேர்த் துவாரம் வரை எடுப்போம். ஹைப்போகுளோரைட் என்ற கிருமிநாசினியில் நனைத்த பஞ்சை வைத்துச் சில நிமிடம் அழுத்துவோம். ரத்தம் நின்றால் வேருக்குள் இருப்பது நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, சிமென்ட் வைத்து அன்றே அடைத்துவிடலாம். கசிந்துகொண்டே இருந்தால், சரி, ரூட் கெனால்தான். ஆக, நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் முடிவே தெரியும். "ரத்தம் நின்றால் அதோடு விடுவீர்களா?" என்று முன்கூட்டியே கேளுங்கள். ரப்பர் டேம் (எச்சில் படாமல் பல்லைச் சுற்றிப் போடும் ரப்பர் விரிப்பு) போடாமல் செய்கிறேன் என்றால் நான் சம்மதிக்க மாட்டேன். எச்சில் பட்டால் எல்லாம் வீண்.

கேள்வி: அது என்ன சிமென்ட்?

பதில்: எம்.டி.ஏ. (மினரல் ட்ரைஆக்சைடு அக்ரிகேட்). 1990-களில் கலிஃபோர்னியாவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் மஹ்மூத் தொராபினெஜாத் குழு உருவாக்கியது. வீடு கட்டும் போர்ட்லேண்ட் சிமென்ட்டுக்குச் சொந்தக்காரர்தான்! ஈரத்தில் இறுகும், அதுதான் வசதி. பழைய சாம்பல் நிற வகை பல்லைக் கறுக்க வைக்கும். முன்பல் என்றால் எது வைக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஐஸ் வாட்டர் பட்டால் சுருக்கென்கிறது, உடனே போய்விடுகிறது.

பதில்: நல்ல அறிகுறி. பெரும்பாலும் அடைத்தாலே போதும். நரம்புக்கு மேலே இருக்கும் கடைசி மெல்லிய சொத்தைப் படலத்தைக் கிளறாமல் இறுக்கமாக மூடினால், கிருமிகளுக்கு இரை கிடைக்காது.

கேள்வி: ஈறு வீங்கிச் சீழ் வந்தது. ஆன்டிபயாடிக் சாப்பிட்டதும் வலி போச்சு. இன்னும் சிகிச்சை வேண்டுமா ஐயா?

பதில்: வேண்டும். அந்த நரம்பு செத்துவிட்டது; ரத்த ஓட்டம் இல்லாத இடத்துக்கு மருந்து போகாது. ரூட் கெனால், இல்லையென்றால் பல்லைப் பிடுங்குவது. காய்ச்சலோ, விழுங்கச் சிரமமோ, வாய் திறக்க முடியாமலோ இருந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: பையனுக்கு 9 வயது. விழுந்ததில் முன்பல் உடைந்து உள்ளே சிவப்பாகத் தெரிகிறது.

பதில்: இன்றே காட்டுங்கள். உடைந்த துண்டு கிடைத்தால் ஈரம் காயாமல் கொண்டுபோங்கள், சில சமயம் ஒட்ட முடியும். அந்த வயதில் வேர் இன்னும் முழுதாக வளர்ந்திருக்காது. நரம்பு உயிரோடிருந்தால்தான் வளரும். நரம்பின் மேலே சுமார் 2 மி.மீ. மட்டும் எடுத்து மூடும் முறையை 1978-லேயே ஸ்வெக் என்பவர் எழுதிவிட்டார்.

கேள்வி: மிகச் சின்ன ஓட்டை வழியாக ரூட் கெனால் செய்கிறார்களாமே?

பதில்: வீடியோவில் பார்க்க அழகு. மேல் முதல் கடைவாய்ப் பல்லில் பெரும்பாலும் நான்காவது வேர்த் துவாரம் ஒன்று ஒளிந்திருக்கும். ஓட்டையைச் சுருக்கி அதைத் தவறவிட்டால் மறுபடியும் வலிதான். பல்லின் கழுத்துப் பகுதியை (ஈறுக்கு அருகே உள்ளதை) தேவையில்லாமல் அரைக்காமல் இருப்பதே போதும்.

கேள்வி: பல்போடமி செய்து வலி போய்விட்டது. திரும்ப வரவேண்டுமா?

பதில்: ஆறு மாதத்தில் ஒரு எக்ஸ்ரே, ஒரு வருடத்தில் இன்னொன்று. வலியே இல்லாமலும் நரம்பு சாகும்.