பூப்போட்ட துணியில் கோடு தெரியவில்லையா?

கேள்வி: சுங்குடித் துணியையும் சிறு பூப்போட்ட பருத்தித் துணியையும் சதுரங்களாக வெட்டி இணைத்து, இரட்டைக் கட்டில் அளவில் ஒரு குயில்ட்டின் (மூன்று அடுக்குப் போர்வையின்) மேல்துணியைத் தைத்து முடித்திருக்கிறேன். நடுவில் பஞ்சு விரிப்பும் அடியில் வெள்ளைத் துணியும் வைத்து, கொடியும் இலையுமாக இயந்திரத்தில் தையல் ஓட்ட விரும்புகிறேன். பென்சிலில் வரைந்தாலும் சாக்கட்டியில் வரைந்தாலும் கோடு பூக்களுக்குள் மறைந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?
— வாசகி, திண்டுக்கல்

பதில்: கோடு கண்ணுக்குத் தெரியாத துணியில், அதன்மேல் விழும் தையலும் பெரிதாகத் தெரியப்போவதில்லை. எனவே மேல்பக்கம் முழுவதும் கொடி வரைவதற்காக நீங்கள் செலவிடும் உழைப்பில் பெரும்பகுதி வீண்தான். உங்கள் அடித்துணி வெள்ளையாக இருப்பது நல்ல வாய்ப்பு. கொடியை அந்தப் பக்கத்தில் வரைந்து, அந்தப் பக்கத்திலிருந்தே தையுங்கள்.

அதற்கு முன், மூன்று அடுக்குகளையும் ஊக்குகளால் பிணைத்து, மேல்பக்கத்தில் சதுரங்கள் இணையும் பள்ளங்களின் வழியாகவே நேர்த்தையல் ஓட்டிவிடுங்கள். இதற்குக் கோடு வரையத் தேவையில்லை; துணியின் இணைப்பே வழிகாட்டும். அந்தத் தையல் அடிப்பக்கத்தில் கட்டம் கட்டமாகத் தெரியும் என்பதால், எந்தச் சதுரத்துக்குள் எந்த இலை வரவேண்டும் என்பதை அங்கே துல்லியமாக வரைந்துகொள்ளலாம். ஆனால் திருப்பிப்போட்டுத் தைக்கும்போது பாபின் நூல்தான் (இயந்திரத்தின் அடியிலுள்ள சிறு உருளையின் நூல்) மேல்பக்கத்தில் தெரியும் என்பதால், துணியின் நிறத்தோடு ஒத்துப்போகும் நூலைப் பாபினில் சுற்றுங்கள்.

வடிவத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். ஒவ்வொரு இலையும் தனித்தனியாக நின்றால், ஒவ்வொன்றுக்கும் நூலை அறுத்து, முனையை முடிந்து, உள்ளே செருக வேண்டியிருக்கும். கையெடுக்காமல் இழுக்கும் சிக்குக் கோலம்போல, ஒரே ஓட்டத்தில் முடியும் கொடியையே இயந்திரத்துக்குத் தேர்ந்தெடுங்கள்.

சாக்கட்டிக் கோடு, போர்வையைச் சுருட்டி இயந்திரத்தின் கைக்குள் நுழைக்கும்போதே உதிர்ந்துவிடும். ஆகவே அதைப் பகுதி பகுதியாகத்தான் வரைய வேண்டும். காற்றில் தானாக மறையும் ஊதாப் பேனாவும் இதே வகைதான், ஈரப்பதம் மிகுந்த நாட்களில் அது இன்னும் விரைவில் மறைந்துவிடும். தண்ணீரில் கரையும் நீலப் பேனாவே வெள்ளைத் துணிக்குப் பொருத்தமானது.

கேள்வி: நேராகத் தைக்கும்போது மேல்துணி முன்னே தள்ளப்பட்டுச் சுருங்குகிறது, வளைவுகளிலோ அடியில் நூல் சுருள் சுருளாகத் தொங்குகிறது. இயந்திரத்தில் கோளாறா?
— வாசகி, ஈரோடு

பதில்: பெரும்பாலும் கோளாறு இல்லை. இயந்திரத்தின் பற்கள் அடித்துணியை மட்டுமே இழுக்கின்றன. நடுவில் பஞ்சு இருக்கும்போது மேல்துணி பின்தங்கி, தையலுக்கு முன்னால் குவிகிறது. மேலேயும் பற்கள் உள்ள வாக்கிங் ஃபுட் பொருத்தி, தையல் நீளத்தை மூன்று மில்லிமீட்டர் அளவில் வைத்து, ஏறத்தாழ நான்கு அங்குலத்துக்கு ஓர் ஊக்கு குத்தி, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் தைத்தால் இது பெருமளவு அடங்கிவிடும்.

வளைவுகளுக்கு வாக்கிங் ஃபுட் உதவாது. பற்களை இறக்கிவிட்டு, துணியை எல்லாத் திசையிலும் நகரவிடும் டார்னிங் ஃபுட் மாட்டி, போர்வையைக் கையால் நகர்த்த வேண்டும். அடியில் சுருள் விழுந்தால் மேல்நூல் இறுக்கத் தகடுகளுக்குள் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்; பாதத்தை உயர்த்திவைத்து நூல் கோத்தால்தான் அது உள்ளே போகும். அது சரியாக இருந்தும் வளைவில் மட்டும் சுருள் விழுந்தால், ஊசியின் வேகத்தைவிட உங்கள் கை வேகமாகப் போகிறது என்று பொருள். அதே மூன்று அடுக்குகளில் ஒரு மாதிரித் துண்டு தைத்து, கையையும் மோட்டாரையும் பழக்கிய பிறகே போர்வையைத் தொடுங்கள். பதினான்காம் எண் ஊசி போதுமானது.

கேள்வி: குயில்ட்டில் வரைந்த கோடுகளை எப்படி நீக்குவது? இஸ்திரி போட்டால் போய்விடுமா?
— வாசகர், தஞ்சாவூர்

பதில்: எந்தப் பேனா என்பதைப் பொறுத்தது. தண்ணீரில் கரையும் நீல மையின்மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்தால் கறை நிலைத்துவிடக்கூடும். சோப்பு சேர்க்காத குளிர்ந்த நீரில் முழுவதுமாக அலசிய பிறகே சூடு படலாம். வெப்பத்தில் மறையும் பேனாவுக்கு இஸ்திரியே போதும். ஆனால் உறைநிலைக்கு வெகு கீழான குளிரில் அந்தக் கோடு மீண்டும் தோன்றும். கனடா போன்ற குளிர்நாட்டுக்கு அனுப்பவிருக்கும் போர்வையில் அதைத் தவிர்த்துவிடுங்கள். சிவப்பு, கருநீலச் சுங்குடித் துணிகளை வெட்டுவதற்கு முன்பே துவைத்துச் சாயம் போகிறதா என்று பார்த்திருக்க வேண்டும். பார்க்காமல் தைத்திருந்தால், முழுப் போர்வையையும் நனைக்காமல், கோட்டின் மேல் மட்டும் ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள்.