பி.இ. கேள்வி-பதில்: பட்டம் எங்கே கைகொடுக்கும், எங்கே இடறும்?

பி.இ. சிவில் முடித்து ஆறு வருடமாக சைட் இன்ஜினீயர். குவைத்தில் வேலை கிடைத்தது. என் படிப்புக்கு என்.பி.ஏ. (தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் இல்லை என்று இன்ஜினீயர் விசா தர மறுக்கிறார்கள். கல்லூரிக்கு நாக் (தேசிய மதிப்பீட்டு, அங்கீகாரக் குழு) 'ஏ' கிரேடு இருக்கிறதே, போதாதா? ஆஸ்திரேலியாவிலும் இதே கதைதானா?
- வாசகர், பெரம்பலூர்

போதாது. நாக் கல்லூரி முழுவதையும் எடைபோடுவது. என்.பி.ஏ. அங்கீகாரம் துறைவாரியாக, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டும் தரப்படுவது. ஒரே வளாகத்தில் மெக்கானிக்கலுக்கு இருக்கும், சிவிலுக்கு இருக்காது. கல்லூரி வாசலில் தொங்கும் பலகை இதைச் சொல்லாது!

2018 முதல் குவைத்தில் இன்ஜினீயர் என்ற பதவிப் பெயரில் வேலை அனுமதி பெற அங்குள்ள பொறியாளர் சங்கத்தின் ஒப்புதல் வேண்டும். இந்தியப் பட்டம் என்றால் அவர்கள் பார்ப்பது என்.பி.ஏ. பட்டியலை. முதலில் என்.பி.ஏ. இணையதளத்தில் உங்கள் கல்லூரி, துறை, செல்லுபடி ஆண்டுகள் மூன்றையும் பாருங்கள். பட்டியலில் விடுபட்டு, அங்கீகாரம் உண்மையில் இருந்திருந்தால், அந்த ஆணையின் நகலைக் கல்லூரியில் கேட்டு வாங்குங்கள். இல்லவே இல்லையென்றால், சூப்பர்வைசர் போன்ற பதவியில் போகச் சொல்வார்கள். போகலாம், ஆனால் பிற்பாடு அனுபவச் சான்றிதழிலும் அதே பெயர்தான் ஏறும். சம்பளத்தை மட்டும் பார்த்துத் தலையாட்டாதீர்கள்.

ஆஸ்திரேலியா வேறு மாதிரி. பொறியியல் பட்டங்களை நாடுகள் பரஸ்பரம் ஏற்கும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் இந்தியா 2014 ஜூனில் முழு உறுப்பினரானது. ஆனால் என்.பி.ஏ.வின் 'டயர் 1' அங்கீகாரத்துக்கு மட்டுமே அந்தச் சலுகை. பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தை அப்படியே நடத்தும் இணைப்புக் கல்லூரிகள் 'டயர் 2'. அதனால் நம் ஊர்ப் பட்டதாரிகள் பெரும்பாலும் சி.டி.ஆர். என்ற, தன் பொறியியல் திறனை நிரூபிக்கும் அறிக்கை வழியாகத்தான் போகிறார்கள். அதில் நீங்கள் செய்த வேலையைப் பற்றி மூன்று கட்டுரைகள், ஒவ்வொன்றும் 1,000 முதல் 2,500 சொற்கள். பத்திகளுக்கு எண் போட்டு, எந்தத் திறன் எந்தப் பத்தியில் தெரிகிறது என்று தனி அட்டவணையில் காட்ட வேண்டும். கூடவே தொடர்கல்விப் பட்டியலும் (பட்டம் பெற்ற பின் எடுத்த பயிற்சிகள்).

தோற்பது எங்கே? 'நாங்கள் கான்கிரீட் போட்டோம்' என்று எழுதுவதில். 'தூணின் கம்பி அளவை நான் இப்படிக் கணக்கிட்டேன், மண் பரிசோதனை முடிவு மாறியதால் அடித்தளத்தை இப்படி மாற்றினேன்' என்று உங்கள் முடிவு தெரிய வேண்டும். ஏஜென்ட் விற்கும் மாதிரிக் கட்டுரையை ஒட்டினால் மென்பொருளில் சிக்கும். மறுபடி விண்ணப்பிக்கவே தடை விழும். சைட்டை விட்டு வருவதற்குள், நிறுவனத்தின் அனுமதியோடு, கம்பிப் பட்டியல், வரைபடம், பரிசோதனை அறிக்கைகளின் நகலை எடுத்து வையுங்கள்.

மெக்கானிக்கல் முடித்து மூன்று வருடமாக மென்பொருள் டெஸ்டிங். கோர் வேலைக்கு, அதாவது படித்த துறைக்கே, திரும்ப முடியுமா?
- வாசகி, திருப்பூர்

முடியும், ஆனால் டிசைன் வேலைக்கு நேராகத் தாவினால் உங்களை ஃப்ரெஷராகத்தான் எடுப்பார்கள், சம்பளம் இறங்கும். பட்டதாரி அப்ரன்டிஸ் வாய்ப்பும் இல்லை, ஓராண்டுக்கு மேல் பணி அனுபவம் இருந்தால் அதில் சேர முடியாது.

டெஸ்டிங் அனுபவத்தை வீணாக்காத வழி வாகன மின்னணுவியல்: இ.சி.யு. (வண்டியின் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி) சோதனை, கேன் பஸ் (அந்தப் பெட்டிகள் தகவல் பரிமாறும் இணைப்பு), எச்.ஐ.எல். பெஞ்ச் (வண்டி இல்லாமலே பெட்டியைச் சோதிக்கும் மேசை). மறைமலை நகர், ஒரகடம் பக்கம் இதற்கு ஆள் தேடுகிறார்கள். சோதனைத் திட்டம் எழுதத் தெரிந்த, பிரேக் எப்படி வேலை செய்கிறது என்றும் தெரிந்த ஆள் அவர்களுக்கு எளிதில் கிடைப்பதில்லை.

பொதுத்துறை ஆசை இருந்தால் பொறியியல் பட்டதாரிகளுக்கான கேட் (GATE) தேர்வு. மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும் என்பது உண்மைதான், ஆனால் பல நிறுவனங்கள் அந்த ஆண்டு எழுதிய தேர்வையே கேட்கும். வயது வரம்பையும் முதலில் பாருங்கள்.

அரியர் வைத்து ஒரு வருடம் தாமதமாகப் பாஸ் செய்தேன். இது காலம் முழுக்கத் துரத்துமா?
- வாசகர், நாகர்கோவில்

முதல் வேலையில் துரத்தும். பல நிறுவனங்கள் நிலுவை அரியர் மட்டுமில்லை, பழைய அரியரையும் கேட்கும். நான்கைந்து வருட அனுபவம் வந்தபின் யாரும் அதைப் பெரிதாகக் கேட்பதில்லை. ஆனால் 'தேர்ச்சி ஆண்டு' என்ற கட்டத்தில் படிப்பு முடிந்த ஆண்டைப் போட்டுவிடாதீர்கள். சான்றிதழில் உள்ள மாதம், ஆண்டையே எழுதுங்கள். வேலையில் சேர்ந்த பிறகு நடக்கும் பின்னணிச் சரிபார்ப்பில் இந்த ஒரு வருட முரண் வந்தால், அரியருக்காக இல்லை, தவறான தகவலுக்காக வேலையே போகலாம்.