லோட் காம்பினேஷன் என்றால் என்ன? சுமைகளை ஏன் தனித்தனியாகக் கணக்கிட்டுப் பிறகு சேர்க்கிறார்கள்?

கட்டடத்தின் சொந்த எடை, ஆட்களும் சாமான்களும், காற்று என ஒவ்வொரு சுமைக்கும் கணினியில் தனித்தனியே விடை கண்டு, அந்த விடைகளை உரிய எண்களால் பெருக்கிக் கூட்டுவதுதான் இது. சுமை இரட்டித்தால் வளைவும் இரட்டிக்கும் என்ற நேர்விகிதம் இருக்கும்வரைதான் இப்படிக் கூட்டலாம். அது உடைந்தால் சுமைகளைச் சேர்த்தே ஏற்றி மறுபடி கணக்கிட வேண்டும்.

கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456:2000-இன்படி முதலிரண்டுக்கும் பெருக்கும் எண் 1.5, காற்றும் சேர்ந்தால் மூன்றுக்கும் 1.2. எல்லாமே ஒரே நேரத்தில் உச்சம் தொடுவது அரிது அல்லவா?

தகரக் கூரைமேல் கல் வைக்கிறோமே, சாதாரண நாளில் அது சுமை. புயலில் அதுதான் காவல். அதனால்தான் சொந்த எடையை 0.9 ஆகக் குறைத்து, காற்றை 1.5 ஆக்கியும் ஒரு கணக்குப் போடுகிறார்கள்.

ஆகவே, எல்லாச் சுமையையும் முழுசாக ஏற்றினால் அதுதான் மிக மோசமான நிலை என்று பலர் நினைப்பது சரியல்ல.