ரசம் வைக்கும் கணவரும் காலை ஏழு மணி அக்காவும்

கேள்வி: நான் தண்டையார்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள். இரண்டு வருடங்களுக்கு முன்பு கணவர், இரண்டு பிள்ளைகளோடு கனடா வந்தேன். டொரோண்டோவில் ஸ்கார்பரோ பக்கம் வாடகை வீட்டில் இருக்கிறோம். அவருக்குக் குடோனில் வேலை. எனக்கு இன்னும் சரியான வேலை அமையவில்லை. ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருக்கிறேன். ஊரில் விடியற்காலை ஐந்தரைக்குக் கம்பெனி பஸ் பிடித்து ஸ்ரீபெரும்புதூர் போய், இரவு ஒன்பதுக்குத் திரும்பியவர், இங்கே நாலு மணிக்கே வீட்டில் இருக்கிறார். ரசம் வைக்கப் பழகிவிட்டார். நான்கு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறோம். பன்னிரண்டு வயது வரை பிள்ளைகளுக்குப் பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்பதால் ஞாயிற்றுக்கிழமை சும்மாவே ஏறிச் சுற்றுகிறோம். ராத்திரி சாப்பாடு முடிந்ததும், ஒன்பதரைக்கு, அக்காவுக்கு போன் போட்டு இதையெல்லாம் சொல்வேன். அம்மாவும் அக்கா வீட்டில்தான். போன வாரம், ஈழத்தமிழர் கடையில் அறக்குளா என்று கேட்டால் நம்ம வஞ்சிரத்தைத் தருகிறார்கள், குழம்பு வைத்தேன் என்றேன். "இன்னாடி, புருசன் ரசம் வெக்கிறதையும் மீன் கொழம்பையும் பாக்கவா கடல் தாண்டிப் போன?" என்று கேட்டுவிட்டு போனை வைத்துவிட்டாள். நான் சந்தோஷமாக இருப்பதுபோல் நடிக்கிறேனா? இனிமேல் எதையும் சொல்லாமல் விட்டுவிடட்டுமா?

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை ரசம் கண்ணில் பட்டது. இரண்டாவது தடவைதான் அந்த ஒன்பதரை மணி பட்டது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

நடிக்கிறீர்களா என்றால், இல்லை. நடிப்பவர்கள் காரைப் பற்றிச் சொல்வார்கள், வீடு பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பார்கள். புருஷன் வைத்த ரசத்தை யாரும் பொய்யாகச் சொல்லிப் பெருமையடிப்பதில்லை. ஐந்தரைக்குப் போய் ஒன்பதுக்கு வரும் அப்பாவைப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் முழுசாகப் பார்த்திருக்கும். இதே மனிதருக்கு அம்பத்தூரில் ஒரு வேலை கிடைத்து நாலு மணிக்கு வீட்டுக்கு வந்திருந்தால் உங்கள் அக்காவே சந்தோஷப்பட்டிருப்பார். கடல் தாண்டிவிட்டீர்கள் என்பதால், டிக்கெட் காசுக்குத் தக்கபடி பெரிதாக ஏதாவது காட்ட வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். ஆனால் இதைக் கனடாவின் கணக்கில் எழுதிவிடவும் வேண்டாம். அங்கேயே புருஷன் ஒரு ஷிஃப்ட், பெண்டாட்டி ஒரு ஷிஃப்ட் என்று மாறி மாறிப் போய், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத குடும்பங்களும் உண்டு. உங்களுக்கு வாய்த்திருக்கிறது, அவ்வளவுதான்.

வியாசர்பாடியில் என் சின்ன வயதில் பக்கத்து வீட்டில் ஒரு பர்மா பாட்டி இருந்தார். 1960-களில் கடை, வீடு எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கப்பலேறி வந்த குடும்பம். நாடு மாறி வந்தவர்கள் நம் வடசென்னைக்குப் புதிதா என்ன? ரங்கூனில் விட்டுவந்த வீட்டைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதே இல்லை. மொய்ஞா என்கிற பர்மா மீன் சூப்புக்குப் பிஞ்சாக நல்ல வாழைத்தண்டு கிடைத்துவிட்டால் மட்டும் அன்றைக்குத் தெருவுக்கே சொல்வார். மகனும் மருமகளும் சண்டை போடாமல் சாப்பிட்ட நாளையும் அப்படித்தான் சொல்வார். எங்கள் வீட்டில், "இதையெல்லாமா சொல்றது" என்று சிரிப்போம். இப்போது அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸைச் சாப்பிடவே அடையாறிலிருந்து கார் போட்டு பீச் ஸ்டேஷன் பக்கம் வருகிறார்கள். அது வேறு கதை.

சரி, ஒன்பதரை மணிக்கு வருவோம். இப்போதைய கணக்கில் நாம் உங்களைவிட ஒன்பதரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். உங்களுக்கு இரவு ஒன்பதரை என்றால் தண்டையார்பேட்டையில் காலை ஏழு. நீங்கள் வயிறு நிறைந்து, பாத்திரம் கழுவி வைத்துவிட்டு போனை எடுக்கிறீர்கள். அந்த நேரத்தில் அக்கா ஒரு கையில் குக்கரும் இன்னொரு கையில் பிள்ளையின் டிபன் பாக்ஸுமாக இருப்பார். தண்ணீர் வருகிற நேரமாகவும் இருக்கலாம். அம்மாவுக்குச் சாப்பாட்டுக்கு முன் போடும் மாத்திரை, பின் போடும் மாத்திரை வேறு. அந்த நேரத்தில் போய், "அவரே ரசம் வெச்சாருக்கா" என்றால்? நானாக இருந்தால் போனை வைப்பதற்கு முன் இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருப்பேன்.

மீன் விஷயம் இன்னும் மோசம். உங்கள் கடிதம் மே மாதத்தில் வந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டில் விசைப்படகெல்லாம் கட்டிக்கிடக்கிறது. சின்னப் படகில் வருகிற கொஞ்சம் மீன் விற்கிற விலையைக் கேட்டுவிட்டுக் கருவாடு வாங்கிக்கொண்டு திரும்புகிறோம். இந்தச் சமயத்தில் ஸ்கார்பரோவிலிருந்து வஞ்சிரக் குழம்பு!

அக்காவுக்குப் பொறாமை என்று நினைக்காதீர்கள். நீங்கள் போன பிறகு அம்மாவைப் பார்த்துக்கொள்வது முழுவதும் அவர் தலையில் விழுந்திருக்கிறது. பணம் அனுப்புகிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. அனுப்பினாலும், ஆஸ்பத்திரி வரிசையில் பணம் போய் நிற்காது, அக்காதான் நிற்க வேண்டும்.

அதனால் போன் நேரத்தை மாற்றுங்கள். சனிக்கிழமை உங்களுக்குக் காலை ஏழரை என்றால் இங்கே சாயங்காலம் ஐந்து. டீ போட்டுவிட்டு அக்கா வாசற்படியில் உட்காரும் நேரம். நவம்பரில் உங்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைப்பார்கள். அப்போது அதே ஐந்து மணியைப் பிடிக்க நீங்கள் ஆறரைக்கே போன் போட வேண்டும். குளிராகத்தான் இருக்கும், எழுந்திருங்கள். முதல் பத்து நிமிடம் அக்கா பேசட்டும். நடுவில் யோசனை சொல்லாதீர்கள், "அந்த டாக்டரை மாத்திப் பாரேன்" என்று டொரோண்டோவிலிருந்து சொல்வது எரிகிற நெருப்பில் எண்ணெய்.

இன்னொன்று. இவ்வளவு எழுதியதில் கஷ்டம் என்று ஒரே ஒரு வரிதான் இருக்கிறது, வேலை அமையவில்லை என்பது. அக்காவிடமும் இப்படித்தான் பேசுவீர்கள் என்று தோன்றுகிறது. பனியில் வழுக்கி விழுந்திருப்பீர்கள். வேலைக்கு மனு போட்டுப் பதில் வராத நாளில் பாத்ரூமில் போய் அழுதிருப்பீர்கள். அதையும் சொல்லுங்கள். ரசம் மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தால் யாருக்கும் அலுத்துப்போகும்.

அம்மாவிடம் மட்டும் எதையும் நிறுத்தாதீர்கள். "எல்லாரும் நல்லா இருக்கோம்" என்ற வார்த்தையில் ஒரு தாய்க்கு எதுவும் தெரியாது. பேரன் இட்லிக்கு என்ன தொட்டுக்கொண்டான், மாப்பிள்ளை ரசத்தில் பூண்டைத் தட்டிப் போட்டாரா, நறுக்கிப் போட்டாரா என்று சொன்னால்தான் அவர் கண்ணுக்கு உங்கள் வீடு தெரியும். நறுக்கிப் போட்டார் என்றால் திட்டுவார். திட்டட்டும்.

ஜூன் நடுவில் தடைக்காலம் முடிந்து படகுகள் கரை திரும்பியதும், அக்கா என்ன மீன் வாங்கினார், முதலில் என்ன விலை சொன்னார்கள், கடைசியில் எவ்வளவுக்குப் படிந்தது என்று ஒன்று விடாமல் கேளுங்கள். அதுவரைக்கும் அறக்குளா பேச்சையே எடுக்காதீர்கள்.