வாசல் கதவுக்குச் சிப்பி வளையம்: கேள்வி பதில்

கடற்கரையில் பொறுக்கிய சிப்பிகளையும் சோழிகளையும் கொண்டு கோடைக்காலத்துக்கென வாசல் வளையம் செய்வது பற்றிக் கேட்டிருந்தவர்களுக்கு, வந்த வரிசையிலேயே பதில் எழுதுகிறேன்.

நாகர்கோவிலிலிருந்து ஒரு சகோதரி: வளையத்தின் அடிச்சட்டத்தை எதில் செய்வது?

கடையில் விற்கும் இரும்புக் கம்பி வளையத்தை வாங்காதீர்கள். உங்கள் ஊர்க் காற்றில் ஒரே மழைக்காலத்தில் துருப்பிடித்து, கதவில் பழுப்புக் கோடு இழுத்துவிடும். முல்லைப் பந்தலைக் கவாத்து செய்யும்போது விழும் முற்றிய கொடிகளைப் பச்சையாக இருக்கும்போதே முறுக்கி, 12 முதல் 14 அங்குல விட்டத்தில் நான்கைந்து சுற்றுச் சுற்றி, நிழலில் இரண்டு வாரம் காயவிட்டால் போதும். அதன்மேல் தேங்காய் நார்க்கயிற்றை நெருக்கமாகச் சுற்றுங்கள். நார்க்கயிற்றின் சொரசொரப்பு சிப்பியை வழுக்கவிடாமல் பிடித்துக்கொள்ளும். நிறமும் மணலோடு ஒத்துப்போகும்.

ஒன்றை முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் வாசற்கதவு காலையில் திறந்தால் இரவுவரை உட்பக்கமாகத் திறந்தே கிடக்கும். கதவில் மாட்டிய வளையம் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்குமே தவிர, வருகிறவர் கண்ணில் படாது. கிரில் கேட்டிலோ நிலைக்குப் பக்கத்துச் சுவரிலோ மாட்டுவதுதான் நமக்குப் பொருந்தும்.

வேளச்சேரியிலிருந்து ஒருவர்: குளூ கன் கொண்டு ஒட்டினேன். மூன்றாம் நாளே சிப்பிகள் உதிர்ந்துவிட்டன. என்ன தவறு?

கை தவறவில்லை, பசைதான் தவறு. குளூ கன்னில் போடும் பசைக்குச்சி சூட்டில் உருகி, குளிர்ந்ததும் இறுகும் பொருள். 60 டிகிரியை நெருங்கினாலே இளகத் தொடங்கும். அக்கினி நட்சத்திர வெயில் நேராக விழும் மேற்குப் பார்த்த கதவும், கை வைக்க முடியாமல் காயும் கிரில் கேட்டும் அந்த அளவை எளிதில் எட்டும். மேலும், சிப்பி குவிந்த வடிவம் கொண்டது. கவிழ்த்து வைத்தால் விளிம்பு மட்டுமே சட்டத்தைத் தொடும். உட்புறமோ கண்ணாடிபோல் வழவழப்பானது. இவ்வளவு குறைந்த பிடிப்பில் எந்தப் பசையும் திணறும்.

ஆகவே, ஒட்டாதீர்கள், கட்டுங்கள். பூக்கட்டத் தெரிந்த கைகளுக்கு இதில் புதிதாகக் கற்க ஒன்றுமில்லை. மீனவர்கள் தங்கூசி என்று சொல்லும் நைலான் நரம்பு போதும். துளைக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். கரையில் ஒதுங்கும் கிளிஞ்சல்களைக் கூர்ந்து பாருங்கள். பலவற்றில் மூட்டுக்கு அருகே, மேலே அகன்றும் உள்ளே குறுகியும், யாரோ அளவெடுத்துக் குடைந்ததுபோல ஒரு வட்டத் துளை இருக்கும். மணலுக்குள் வாழும் நிலவு நத்தை என்ற வேட்டை நத்தை, சிப்பியின் உயிரைத் தின்பதற்காக அரம் போன்ற நாக்காலும் அமிலச் சுரப்பாலும் போட்ட துளை அது. நான் அப்படிப்பட்டவற்றை மட்டும் தனிப் பையில் சேர்த்து வைப்பேன். கிடைக்காதபோது சிறு துளைக்கருவியால், சிப்பியை நீரில் நனைத்தபடியே மெதுவாகத் துளையிடுங்கள். உலர்ந்த நிலையில் துளையிட்டால் பறக்கும் தூள் நுரையீரலுக்கு ஆகாது; முகக்கவசம் கட்டாயம். நனைத்துத் துளைக்கும்போது மின்கம்பி தண்ணீரில் படாதபடி, மின்கலத்தில் ஓடும் கருவியையே பயன்படுத்துங்கள்.

தூத்துக்குடியிலிருந்து ஒரு மாணவி: எவ்வளவு கழுவியும் நாற்றம் போகவில்லை.

உயிரோடு இருந்த நத்தையை எடுத்துவந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். உயிரில்லாத காலி ஓடுகளை மட்டும் எடுங்கள். அதிலும் சுருள் ஓடாக இருந்தால், உள்ளே துறவி நண்டு குடியிருக்கிறதா என்று சிறிது நேரம் கீழே வைத்துப் பார்த்துவிட்டு எடுங்கள். கூம்பு வடிவ நத்தை உயிரோடு இருந்தால் தொடவே கூடாது. அவற்றில் சில இனங்களின் கொட்டு மனிதரைக் கொல்லும்.

காலி ஓடுதான் என்றால், நல்ல தண்ணீரில் ஊறவைத்து, தினமும் தண்ணீரை மாற்றி, ஒரு வாரம் விடுங்கள். உப்பு முழுவதும் வெளியேற வேண்டும். தங்கிய உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து, வளையத்தை எப்போதும் பிசுபிசுப்பாகவே வைத்திருக்கும்.

கோயம்புத்தூரிலிருந்து ஒருவர்: வினிகரில் ஊறவைத்தால் பளபளக்கும் என்கிறார்களே?

சிப்பி என்பது பெரும்பாலும் சுண்ணாம்பு. வினிகர் அதைக் கரைக்கும். குமிழ் குமிழாக வருவது அழுக்கு அல்ல, உங்கள் சிப்பி. ஏற்கெனவே பிளீச்சிங் திரவத்தில் போட்டிருந்தால் அதோடு வினிகரை ஒருபோதும் கலக்காதீர்கள். நச்சு வாயுவான குளோரின் எழும்.

இராமநாதபுரத்திலிருந்து ஒருவர்: பவளக்கிளைகளும் விசிறிப் பவளமும் வைத்தால் அழகாக இருக்குமே?

இருக்கும்; சட்டம் அனுமதிக்காது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் 2001-இல் பாறை கட்டும் பவளங்கள், கடல் விசிறிகள், கடற்குதிரைகள் ஆகியவற்றோடு நாட்டிலஸ் உள்ளிட்ட சில சங்கு, சிப்பி இனங்களும் சேர்க்கப்பட்டன. வெளிநாட்டு வளையங்களில் மினுக்கும் மெல்லிய ஜன்னல் சிப்பியும் அன்றைய பட்டியலில் இருந்ததே. உங்கள் மாவட்டத்தில் கூடுதல் கவனம் தேவை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. கடைக்காரர் விற்கிறார் என்பது அனுமதி ஆகாது. சாதாரணக் கிளிஞ்சல், அலை தேய்த்த கண்ணாடித் துண்டு, மிதவை மரக்குச்சி ஆகியவையே போதும்.

திருச்சியிலிருந்து ஒரு சகோதரி: செய்து மாட்டிய வளையத்தை மாமியார் கழற்றிவிட்டார். “வாசலில் மலர் வளையமா? யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்பார்கள்” என்கிறார்.

இந்தக் கேள்வி வந்ததிலிருந்து மற்றவர்கள் சிப்பியையே மறந்துவிட்டார்கள். கும்பகோணத்து அன்பர் ஒருவர், “வளையம் என்றாலே அமங்கலம், மேல்நாட்டு மோகம்” என்று எழுதுகிறார். யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர், குருத்தோலைத் தோரணத்திலேயே மங்கலத்துக்கு ஒரு மடிப்பும் இழவுக்கு வேறொரு மடிப்பும் உண்டு, பொருள் வடிவத்தில்தான் இருக்கிறது என்று நினைவூட்டுகிறார்.

அம்மாவின் வாதம் வலுவானது. அன்பரின் வாதத்தை நான் ஏற்கவில்லை. வட்டமாகக் கட்டிய பூ நமக்கு அந்நியமானதன்று. சங்க காலத்தில் தலையில் சூடிய கண்ணி அதுதான். ஆநிரை கவரச் சென்றவன் வெட்சி சூடினான், வென்றவன் வாகை சூடினான். பண்டைய ஒலிம்பியாவில் வென்றவனுக்குக் காட்டு ஒலிவ இலையில் வளையம் சூட்டினார்கள். உடலருகே வைக்கும் மலர் வளையமோ ஐரோப்பியரிடமிருந்து நமக்கு வந்த வழக்கம். அப்படியிருக்க, அமங்கலம் வட்டத்தில் எப்படி இருக்கும்?

ஆனாலும் மாமியார் சொல்வதில் நியாயம் உண்டு. வாசலைப் பார்க்கிறவர் இலக்கியம் நினைக்கமாட்டார். தெருவில் பார்த்துப் பழகியதைத்தான் நினைப்பார். அந்த நினைவை எழுப்புவது வெள்ளை நிறமும் குறுக்கே போகும் பட்டையும் நெருக்கமாக அடைத்த முழுவட்டமும்தான். பட்டையை நீக்குங்கள். வட்டத்தின் கீழ்ப்பாதியில் மட்டும் சிப்பிகளைப் பிறைபோல் கட்டி, மேல்பாதியில் கொடியைத் தெரியவிடுங்கள். கீழே நாலைந்து சோழிச் சரம் தொங்கட்டும். அதற்கும் அவர் இணங்காவிட்டால், அதே சிப்பிகளை நீளக் கயிற்றில் கோத்து நிலைமேல் தோரணமாக மாட்டிவிடுங்கள். மாவிலைக்குப் பக்கத்தில் அது நன்றாகவே இருக்கும். மங்கலமா அமங்கலமா என்ற விவாதத்தை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். மேலும் வந்த ஒன்பது கடிதங்களுக்குப் பதில் இல்லை.

மதுரை, சேலம், ஓசூர் அன்பர்கள்: எந்தக் குளூ கன் நல்லது?

வேளச்சேரி அன்பருக்கு எழுதியதைப் படியுங்கள்.

புதுச்சேரியிலிருந்து ஒருவர்: குளூ கன் வேண்டாம் என்றீர்கள். சிலிக்கான் பசை?

கட்டச் சொன்னேன். ஒட்டியே தீருவேன் என்றால், இரண்டு குழாய்களைக் கலந்து பூசும் எபாக்ஸியைச் சொரசொரப்பாக்கிய இடத்தில் வையுங்கள். வினிகர் வாடை வரும் சிலிக்கானைத் தொடாதீர்கள். அது காயும்போது வெளியிடுவதும் வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலமே.

டொராண்டோவிலிருந்து ஒருவர்: இராமேசுவரத்துச் சிப்பிகளைப் பெட்டியில் கொண்டுவரலாமா?

சுங்கத்துறையிடம் கேளுங்கள்.

காரைக்குடியிலிருந்து ஒருவர்: நடுவில் வலம்புரிச் சங்கு வைக்கலாமா? மலிவாகக் கிடைத்தது.

மலிவாகக் கிடைத்ததென்றால் பெரும்பாலும் அது அமெரிக்கக் கடற்கரையில் இயல்பாகவே அந்தப் பக்கம் சுழலும் வேறொரு நத்தையின் ஓடு. வாய்க்குள் விரலை விட்டுப் பாருங்கள்; நம் சங்கின் நடுத்தண்டில் மூன்று நான்கு வரம்புகள் தட்டுப்படும், அதில் தட்டுப்படாது. அலங்காரத்துக்குத் தாராளமாக வைக்கலாம், கனம் தாங்கும்படி இரண்டு இடத்தில் கட்டுங்கள்.

நாகப்பட்டினத்திலிருந்து ஒரு அம்மா: மழைக்காலத்தில் எப்படி எடுத்து வைப்பது?

மீண்டும் ஒருமுறை நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் நன்றாகக் காயவைத்து, பழைய பருத்தித் துணியில் சுற்றி எவர்சில்வர் டப்பாவில் வையுங்கள். அட்டைப் பெட்டியும் மர அலமாரியும் வேண்டாம். அவை கசியும் அமில ஆவியில் சிப்பியின் மேல் வெள்ளைப் பொடி பூக்கும். அருங்காட்சியகங்களே இதில் சேகரிப்புகளை இழந்திருக்கின்றன. பூத்தபின் அதைத் துடைக்கலாம், பழைய மெருகு திரும்பாது.