லுக், சீ, வாட்ச்: எங்கே எது? கேள்வி பதில்

தெம்பனிஸ், தொடக்கநிலை 5 மாணவனின் அம்மா: டீச்சர், மகன் 'லுக்', 'சீ', 'வாட்ச்' மூன்றையும் மாற்றி மாற்றி எழுதுகிறான். எப்படிப் புரியவைப்பது?

தமிழிலிருந்தே தொடங்குங்கள். 'தேடிப் பார்த்தேன், கண்ணில் படவில்லை' என்கிறோம். பார்த்தது லுக், கண்ணில் படுவது சீ: 'ஐ லுக்ட், பட் ஐ டிடின்ட் சீ இட்.' வாட்ச் என்றால் அசைவதையோ மாறுவதையோ தொடர்ந்து கவனிப்பது. பந்தாட்டத்தை வாட்ச் பண்ணலாம். சுவரில் மாட்டிய ஓவியத்துக்கு லுக்தான்.

எதைப் பார்க்கிறோம் என்று சொன்னால் லுக்கோடு 'அட்' வர வேண்டும். 'பலகையைப் பார்' என்று தமிழில் உருபோடு முடிந்துவிடுவதால், பிள்ளைகள் 'லுக் த போர்ட்' என்று எழுதிவிடுகிறார்கள். சீ, வாட்ச் இரண்டுக்கும் அட் வேண்டாம்.

படம் பார்ப்பது சீயா, வாட்சா?

திரையரங்கில் என்றால் இரண்டும் சரி. வீட்டுத் தொலைக்காட்சிக்கு 'வாட்ச் டிவி' மட்டும்.

'ஐ ஆம் சீயிங் எ பேர்ட்' ஏன் தவறு?

கண்ணில் படுவது நாம் செய்யும் செயல் அல்ல, அதனால் 'இங்' சேராது. 'ஐ கேன் சீ எ பேர்ட்' என்க. சந்திப்பு என்ற பொருளில் சேரும்: 'ஐ ஆம் சீயிங் த டாக்டர் டுமாரோ.' ஒருவர் பெயரைச் சொல்லி 'ஐ ஆம் சீயிங்' என்றால் காதலிக்கிறோம் என்று எடுத்துக்கொள்வார்கள், கவனம்.

ஜூரோங், தொழில்நுட்பர்: அறிக்கையைப் பார்க்கச் சொல்லி மேலாளருக்கு 'ப்ளீஸ் ஓவர்லுக் திஸ் ரிப்போர்ட்' என்று எழுதலாமா?

கூடாது. 'கண்டுகொள்ளாமல் விடுங்கள்' என்றாகிவிடும். ஒருமுறை பார்த்துத் தரச் சொல்ல 'லுக் ஓவர்', மேற்பார்வைக்கு 'ஓவர்சீ'. கொண்டோ அடுக்குமாடி வீட்டு விளம்பரத்தில் வரும் 'ஓவர்லுக்கிங் த சீ'க்கு, மேலிருந்து கடல் தெரியும் என்று பொருள். புகாரை விசாரிப்பது 'லுக் இன்டு', பிள்ளையைப் பார்த்துக்கொள்வது 'லுக் ஆஃப்டர்'. மின்னஞ்சல் முடிவில் 'லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ' பிழை. 'மீட்டிங் யூ' என்றே எழுதுங்கள்.

உயர்நிலை 3 மாணவி: கிளான்ஸ், கிளிம்ப்ஸ், ஸ்டேர், கேஸ் (gaze) நான்கும் குழப்புகின்றன.

கிளான்ஸ் நீங்களாகவே சட்டென்று பார்ப்பது. எம்ஆர்டி ரயிலில் நின்றபடி கைக்கடிகாரத்தைப் பார்ப்பதுபோல. கிளிம்ப்ஸ் அரைகுறையாகக் கண்ணில் பட்டு மறைவது. கூட்டத்துக்கு நடுவே காவடி ஒரு கணம் தெரிந்தால் 'ஐ காட் எ கிளிம்ப்ஸ் ஆஃப் த காவடி'. 'கிளான்ஸ் அட்' உண்டு. கிளிம்ப்ஸை வினையாகப் பயன்படுத்தும்போது அட் சேர்க்காதீர்கள்.

ஸ்டேரும் கேஸும் நெடுநேரப் பார்வைகள்தாம், மனநிலைதான் வேறு. வியந்தோ நினைவில் ஆழ்ந்தோ பார்ப்பது கேஸ். வெறிப்பது ஸ்டேர். முறைத்ததாகத் தொடங்கி அடிதடியில் முடியும் சம்பவங்களைச் சிங்கப்பூர்ச் செய்திகள் 'ஸ்டேரிங் இன்சிடென்ட்' என்று எழுதுவது இதனால்தான். கோபம் வெளிப்படையாகத் தெரிந்தால் கிளேர். கட்டுரையில் பாட்டி பேரனை அன்போடு 'ஸ்டேர்ட்' என்று எழுதினால் காட்சியே கெட்டுவிடும்.

பீக், பியர் (peer)?

திருட்டுத்தனமாக எட்டிப் பார்ப்பது பீக். எழுத்துக்கூட்டலில் இரண்டு 'ஈ' வரும், 'ஈ-ஏ' போட்டால் மலையுச்சி. சரியாகத் தெரியாததைக் கண்ணை இடுக்கி உற்றுப் பார்ப்பது பியர்.

'ஐ சா ஹிம் கிராஸ்', 'ஐ சா ஹிம் கிராஸிங்', இரண்டும் ஒன்றா?

இல்லை. முதலாவதில் அவர் சாலையைக் கடந்து முடித்ததையும் பார்த்தீர்கள். இரண்டாவதில் கடந்துகொண்டிருந்ததை மட்டும். மறுபுறம் போய்ச் சேர்ந்தாரா என்று அது சொல்லாது. விபத்தைப் பற்றிப் போலிசுக்கு வாக்குமூலம் எழுதும்போது இந்த வேறுபாட்டை விட்டுவிடாதீர்கள்.